வண்டி யார் பெயரில் இருக்கிறது?



வேலை கிடைத்த முதல் ஆண்டிலேயே நம் வாலிபரில் பலருக்கு எழும் ஆசை ஒன்று உண்டு: சொந்தமாக ஒரு வண்டி. புதிது வாங்கப் பணம் போதாது. ஆகையால் தெரிந்தவரிடமோ, பழைய வண்டி விற்கும் கடையிலோ, ஒரு மோட்டார் சைக்கிளையோ சிறிய காரையோ பேசி முடிக்கிறார்கள். என்ஜின் சத்தத்தைக் கேட்டுப் பார்க்கிறார்கள். டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். விஷயம் தெரிந்த நண்பனை அழைத்துவந்து ஓட்டியும் பார்க்கிறார்கள். இவையெல்லாம் சரியே. ஆனால் வண்டி யார் பெயரில் இருக்கிறது, இனி யார் பெயரில் இருக்கப்போகிறது என்ற கேள்வியை மட்டும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். வண்டியினால் வரும் சட்டத் தொல்லைகளில் பல இந்தப் "பிறகு" என்ற சொல்லிலிருந்தே பிறக்கின்றன. ஆகையால் இவ்வாரப் பாடத்தில் அதைப் பற்றிச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

1. விற்றவன் பொறுப்பு எப்போது தீரும்?

"பணம் வந்தது, சாவியைக் கொடுத்தேன், அத்தோடு என் பொறுப்பு தீர்ந்தது" என்று விற்றவன் எண்ணுகிறான். சட்டம் அப்படி எண்ணுவதில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வண்டி எவர் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே அதன் உரிமையாளர்.

இதற்கு உதாரணமாக ஒரு வழக்கைச் சொல்லலாம். ஒருவர் தம் காரை 2007-இல் விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்க, கார் பல கைகள் மாறியது. ஆனால் பதிவேட்டில் பெயர் மட்டும் மாறவேயில்லை. 2009-இல் அந்தக் காரினால் விபத்து நேர்ந்தது. நஷ்டஈடு யார் கொடுப்பது என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. 2018 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு இதுதான்: பதிவேட்டில் எவர் பெயர் நிற்கிறதோ அவரே பொறுப்பாளி. அதாவது, காரை விற்று ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகியிருந்த அந்த முதல் மனிதர்.

"இது விற்றவனுக்கு அநியாயம் அல்லவா?" என்று கேட்கத் தோன்றும். அடிபட்டவரின் பக்கத்தில் நின்று பாருங்கள். குடும்பத்தலைவனை இழந்த ஒரு விதவை, "நான் விற்றுவிட்டேன், அவரிடம் கேள், அவர் இன்னொருவருக்கு விற்றுவிட்டார், அங்கே போய்க் கேள்" என்று வீடு வீடாக அலைய வேண்டுமா? அவ்வாறு அலையவிடக் கூடாது என்பதே அத்தீர்ப்பின் கருத்து. பெயர் மாற்றுவது விற்றவன் கையில் இருந்த காரியம். அதைச் செய்யாததன் பாரத்தை, ஒரு குற்றமும் அறியாத மூன்றாம் மனிதர் தலையில் வைப்பது நியாயமாகாது.

ஆகவே செய்ய வேண்டியது யாதெனில்: வண்டி பதிவான மாநிலத்துக்குள்ளேயே விற்றால், விற்றவர் 14 நாளைக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். வெளிமாநிலத்தவருக்கு விற்றால் 45 நாள் அவகாசம். ஆட்சேபனை இல்லை என்னும் சான்றும் வேண்டும். வாங்கியவர் 30 நாளைக்குள் தம் பகுதி அலுவலகத்தில் அறிவித்துப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கான பாரங்கள் 29, 30 என்ற எண் கொண்டவை.

இங்கே ஒரு எச்சரிக்கை. அப்பாரங்களில் வெறும் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, "வாங்குகிறவர் வரும்போது நாங்கள் பூர்த்தி செய்துகொள்கிறோம்" என்று சொல்லும் தரகர்கள் உண்டு. வெற்றுக் காகிதத்தில் கையெழுத்திடுகிறவன் தன் பெயரையே இரவல் கொடுக்கிறான். வாங்குபவர் பெயர், தேதி, நேரம் எல்லாம் நிரப்பிய பின்பே கையெழுத்திடுங்கள். ஒரு நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் விற்பதானால், அவர் பழைய வண்டி வியாபாரத்துக்கான அதிகாரச் சான்று பெற்றவரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மத்திய விதிகள் அச்சான்றைக் கேட்கின்றன; வண்டியைக் கடைக்காரரிடம் ஒப்படைத்ததைப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்கவும் முறை வகுத்திருக்கின்றன.

வாங்குபவரும் முன்கூட்டிப் பார்க்க வேண்டியவை உண்டு. பதிவுச் சான்றில் வங்கிக் கடன் குறிக்கப்பட்டிருக்கிறதா? கட்டாத அபராதம் நிற்கிறதா? என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் சான்றோடு ஒத்திருக்கின்றனவா? கடன் தீர்ந்துவிட்டது என்று வாயால் சொல்வது போதாது. பதிவிலும் அது நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

2. தகப்பனார் பெயரிலுள்ள வண்டி

தகப்பனார் காலமானபின் அவருடைய ஸ்கூட்டரை மகன் ஓட்டிக்கொண்டிருப்பது நம் வீடுகளில் சகஜம். துக்க வீட்டில் காகிதத்தைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வராது. ஆயினும் விதி இரக்கத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. இறப்பை 30 நாளைக்குள் அறிவித்தால், வாரிசு அந்த வண்டியை மூன்று மாதம் வரை பயன்படுத்தலாம். அம்மூன்று மாதத்துக்குள் 31-ஆம் எண் பாரத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இறந்தவர் பெயரிலேயே வண்டி ஓடினால், ஒரு விபத்து நேரும் நாளில் தாயும் பிள்ளைகளும் அலைய நேரிடும்.

3. இன்ஷூரன்ஸ் எதற்கு?

"போலீசார் கேட்டால் காட்டுவதற்கு" என்று சிலர் பதில் சொல்வார்கள். சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ். பெயரே சொல்கிறபடி, அது உனக்காகவும் உன் வண்டிக்காகவும் ஏற்பட்டதன்று; உன் வண்டியால் அடிபடக்கூடிய மனிதருக்காக ஏற்பட்டது. அது இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும். அதைவிடப் பெரியது, விபத்து நேர்ந்தால் வரும் பாரம். உழைக்கும் ஒருவரின் உயிருக்கான நஷ்டஈடு பல லட்சம் ஆகும். இன்ஷூரன்ஸ் இல்லாவிடில் அது உரிமையாளர் சொத்திலிருந்தும் சம்பளத்திலிருந்தும்தான் வர வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோர் இன்னும் இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். முதலாவது: வண்டி கைமாறும்போது மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு கூடவே மாறுவதாகச் சட்டம் கருதுகிறது. ஆனால் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படித் தானாக மாறாது. 14 நாளைக்குள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதிப் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது: சட்டத்துக்கு மட்டுமான குறைந்த பாலிசி, மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து வரும் உங்கள் தங்கையையோ நண்பனையோ காப்பதில்லை. முழுப் பாலிசி எடுக்கச் சற்று அதிகம் செலவாகும். உடன் வருபவரை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

4. இரவல் கொடுக்கும்போது

"மச்சான், பத்து நிமிஷம் வண்டியைக் கொடு" என்று நண்பன் கேட்கிறான். மறுத்தால் மனஸ்தாபம். ஆனால் லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுப்பதே தனிக் குற்றம். ஓட்டினவனுக்குத் தண்டனை உண்டு. கொடுத்தவனுக்கும் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு. விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் நிறுவனம் அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடமிருந்தே வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றம் உத்தரவிடுவதும் உண்டு.

பதினெட்டு வயது நிரம்பாத தம்பிக்கு ஆசையாகச் சாவியைக் கொடுக்கும் அண்ணன்மார் இதைக் கவனிக்கவும். 2019-இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டிக்காரரோ குற்றவாளி ஆவர்: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்கத் தம்மால் ஆனதைச் செய்ததாகவோ அவர்களே நிரூபித்தாலன்றித் தப்ப முடியாது. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தச் சிறுவனுக்கோ 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பத்து நிமிஷத்து ஆசைக்கு இது பெரிய விலை.

5. கூட்டாகப் பிரயாணம் போகும்போது

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கோ நண்பன் கலியாணத்துக்கோ வாலிபர்கள் சேர்ந்து வண்டி பிடிப்பதுண்டு. வாடகை குறைவு என்று வெள்ளை நம்பர் பலகை வேனைப் பேசுகிறார்கள். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து சொந்த உபயோகத்துக்கான வண்டி. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து வாடகை வண்டி. சொந்த வண்டியை வாடகைக்கு விடுவது பர்மிட் இல்லாத ஓட்டம். அதற்கு 10,000 ரூபாய் அபராதம் உண்டு. வழியில் விபத்து நேர்ந்தால், "இது வாடகைக்கு எடுத்த பாலிசி அல்ல" என்று நிறுவனம் கை விரிக்கவும் இடமுண்டு. சரக்கு வண்டியின் பின்னால் ஆட்களை ஏற்றிச் செல்வது இன்னும் மோசம். அங்கே அமர்ந்திருப்பவருக்குச் சட்டம் கட்டாயமாக்கிய பாதுகாப்பு கிடையாது. தலைக்கு நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய், இருபது குடும்பங்களின் பாதுகாப்பை விட்டுவிடக் கூடாது.

வேலைக்காகப் பெங்களூர், கொச்சி என்று வெளிமாநிலம் போகிறவர்கள் வண்டியையும் கொண்டுபோனால், 12 மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருப்பதாயின் அந்த மாநிலத்தில் மறுபதிவு செய்ய வேண்டும். புறப்படுமுன் இங்குள்ள அலுவலகத்தில் ஆட்சேபனை இல்லாச் சான்று வாங்கிச் செல்வது உத்தமம்.

6. விபத்து நேர்ந்துவிட்டால்

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் விபத்து நேரலாம். அப்போது வாலிபன் மனத்தில் முதலில் எழும் எண்ணம் ஓடிவிடலாம் என்பதே. பயம் இயற்கை; ஆனால் ஓட்டம் தவற்றைக் குற்றமாக்கிவிடும். சட்டம் கேட்பது இவைதான்: வண்டியை நிறுத்து. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய், 108-ஐக் கூப்பிடு. போலீசாருக்கு உடனே, எப்படியும் 24 மணி நேரத்துக்குள், தகவல் கொடு. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவி. கூட்டம் அடிக்க வருமென்று அஞ்சி நிற்க முடியாத நிலை ஏற்பட்டால், நேரே போலீஸ் நிலையத்துக்குப் போ.

வழியில் போகிறவனாக நீ ஒரு விபத்தைக் கண்டால்? "உதவி செய்தால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்" என்ற பழைய பயம் இன்னும் பலரிடம் இருக்கிறது. 2016-இல் சுப்ரீம் கோர்ட் ஏற்றுக்கொண்ட நெறிமுறைகளும், 2019-இல் சட்டத்திலேயே சேர்க்கப்பட்ட பிரிவும் அந்தப் பயத்தை நீக்கிவிட்டன. நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் வழக்குப் போட முடியாது. தன் பெயரைச் சொல்லும்படியும் அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆகையால் தயங்காமல் கை கொடுங்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: பதிவேட்டில் உன் பெயர் நிற்கிறவரை அந்த வண்டி சாலையில் செய்வதற்கெல்லாம் நீ பதில் சொல்ல வேண்டியவன். அது உன் பெயரில் இருக்க வேண்டுமானால் இருக்கட்டும். இருக்கக் கூடாது என்றால் இன்றே நீங்கட்டும். போக்குவரத்து அலுவலகத்தில் கழியும் அரை நாள் வீண் அலைச்சலாகத் தோன்றும். ஆனால் முகம் தெரியாத ஒரு குடும்பம், துன்பம் வந்த நாளில் எந்தக் கதவைத் தட்டுவது என்று அறிந்துகொள்வது அந்த அரை நாளினால்தான்.

கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்

1. உங்கள் வீட்டில் ஓடும் வண்டி யார் பெயரில் இருக்கிறது? இன்ஷூரன்ஸ் என்று முடிகிறது? இன்று வீட்டுக்குப் போய்ப் பார்த்து வாருங்கள்.

2. நீங்களோ உங்கள் வீட்டாரோ விற்ற வண்டி ஏதேனும் இன்னும் பழைய பெயரிலேயே ஓடுகிறதா? அதை மாற்ற இந்த மாதம் என்ன செய்யலாம்?

3. லைசென்ஸ் இல்லாத நண்பன் வண்டி கேட்டால், நட்பும் கெடாமல் சாவியும் கொடாமல் எப்படிப் பதில் சொல்வது?

4. அடுத்த திருவிழாப் பிரயாணத்துக்கு வண்டி பேசுமுன் எந்தெந்தக் காகிதங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும்? பட்டியல் ஒன்று எழுதுங்கள்.