லேப்டாப்பைப் பார்த்து எடிட்டரைத் தேர்ந்தெடுங்கள்

குன்னம் பக்கத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்ததும் என்னிடம் கேட்பது இதைத்தான்: "அண்ணா, எந்த எடிட்டர் போடலாம்?" ரேம் எவ்வளவு என்று முதலில் கேட்பேன். இங்கே பல வீடுகளில் இருப்பது அக்காவோ அண்ணனோ பள்ளியில் வாங்கிய அரசு லேப்டாப். 2011இல் தொடங்கிய அந்தத் திட்டம்தான் மக்காச்சோளமும் பருத்தியும் போடும் குடும்பங்களுக்குள் கணினியைக் கொண்டுவந்தது. அதை நான் என்றும் நன்றியோடு நினைப்பேன்.

மைக்ரோசாஃப்ட் 2015இல் வெளியிட்ட விஎஸ் கோட் நல்ல எடிட்டர். ஆனால் அதன் வயிற்றுக்குள் குரோமியம் பிரௌசர் முழுதாக இருக்கிறது. 2 ஜிபி ரேமில் அது திணறும். அப்படிப்பட்ட லேப்டாப்பில் ஜீனி (Geany) எடிட்டரைப் போடுங்கள். சட்டென்று திறக்கும், நெட் வேண்டாம், எஃப்5 தட்டினால் பைத்தான் நிரல் ஓடும். பிளஸ் டூ பாடத்துக்கு மட்டும் என்றால் பைத்தானோடு வரும் ஐடிலே போதும்.

லினக்ஸ் சர்வரில் வேலை பார்க்க நினைப்பவர்கள் விம் எடிட்டரைப் பழகியே ஆக வேண்டும். பிராம் மோலெனார் 1991இல் வெளியிட்டது. பிடித்திருந்தால் உகாண்டா குழந்தைகளுக்கு உதவுங்கள் என்பதுதான் அவர் பயனர்களிடம் வைத்த வேண்டுகோள். 2023இல் காலமானார். அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை.

டெர்மினலில் vimtutor என்று தட்டினால் பாடம் திறக்கும். அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். மறுநாளும் அதையே செய்யுங்கள், அப்போதுதான் விரலில் தங்கும். கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். d என்றால் அழி, c என்றால் மாற்று, w என்றால் சொல். dw தட்டினால் சொல் அழியும், cw தட்டினால் அழிந்து புதுச்சொல்லுக்கு இடம் கிடைக்கும். ci" என்றால் மேற்கோளுக்குள் இருப்பதை மட்டும் மாற்றலாம். கடைசியாகச் செய்த மாற்றத்தை ஒரு புள்ளி திரும்பச் செய்யும். இந்தச் சேர்க்கை பிடிபட்டுவிட்டால் புதுக் கட்டளைகளை நீங்களே ஊகிக்கத் தொடங்குவீர்கள்.

நிரலுக்குள் தமிழ் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்99 விசைப்பலகையில் d தட்டினால் 'உ' வரும், விம் கட்டளை நடக்காது. எனவே எழுதுவதை விட்டுக் கட்டளைக்குப் போக எஸ்கேப் தட்டுவதற்கு முன்பே ஆங்கிலத்துக்கு மாறிவிடுங்கள். 'கொ' யூனிகோடில் இரண்டு குறிகள். பெரும்பாலான எடிட்டர்களில் பேக்ஸ்பேஸ் தட்டினால் முதலில் கொம்பும் காலும் போய் 'க' மட்டும் நிற்கும். பல டெர்மினல்களில் தமிழ் சிதறியும் தெரியும். ஆகவே எந்த எடிட்டர் ஆனாலும் முதல் நாளே ஒரு தமிழ் வரியை அடித்து, திருத்தி, சேவ் செய்து, மறுபடி திறந்து பாருங்கள்.

வேலைக்குப் போகும் இடத்தில் எல்லோரும் விஎஸ் கோட் வைத்திருந்தால் அதற்கே மாறிக்கொள்ளலாம். விம் கட்டளைகளுக்கான நீட்சி அதில் இருக்கிறது, dw அங்கேயும் ஒரு சொல்லைத்தான் அழிக்கும்.