உப்புத் தண்ணீரில் ஷாம்பூ நுரைப்பது ஏன்?

ஆழ்குழாய்க் கிணற்று நீரில் சோப்புப் போட்டுத் தலைக்குக் குளித்துப் பாருங்கள். நுரை எளிதில் வராது. உலர்ந்தபின் முடி பிசுபிசுத்துச் சிக்குப் பிடிக்கும். சீப்பில் வெண்மையாக ஏதோ ஒட்டும். அதே நீரில் சிறிது ஷாம்பூவைத் தேய்த்தால் நுரை பொங்குகிறது. நீர் ஒன்றே, வேறுபாடு எங்கிருந்து வந்தது? விடை காணுமுன் முடியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

முடியின் அமைப்பு

முடி, கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. தோலுக்கு வெளியே தெரியும் முடியில் உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் வெட்டும்போது வலிப்பதில்லை. முடி மாதத்திற்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது. அப்படியானால் 45 செ.மீ. நீளமுள்ள கூந்தலின் நுனிக்கு வயது என்ன? ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்!

முடியின் மேற்புறத்தில் மெல்லிய செதில்கள் கூரை ஓடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவை படிந்திருந்தால் முடி பளபளக்கும். தூக்கி நின்றால் சிக்கு விழும். வேரருகே உள்ள சுரப்பிகள் சீபம் என்னும் எண்ணெய்ப் பொருளைச் சுரக்கின்றன. அது முடிக்குப் பாதுகாப்பு. ஆனால் தூசியும் அதில்தான் ஒட்டுகிறது. எண்ணெயை வெறும் நீர் கழுவாது.

தலையும் வாலும்

சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலை நீரை நாடும். வால் எண்ணெயை நாடும். வால்கள் எண்ணெய்த் துளிக்குள் புதைந்துகொள்ள, தலைகள் வெளியே நீரை நோக்கி நிற்கின்றன. துளி முடியிலிருந்து பெயர்ந்து நீரோடு போய்விடுகிறது. ஷாம்பூவும் இதே முறையில்தான் அழுக்கை நீக்குகிறது.

வேறுபாடு தலையில் இருக்கிறது. சோப்பின் தலை கார்பாக்சிலேட் தொகுதி. கடின நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகள் அதனுடன் சேர்ந்து, நீரில் கரையாத உப்பாகப் படிகின்றன. சீப்பில் ஒட்டிய வெண்பொருள் இதுவே. ஷாம்பூக்களில் பெரும்பாலும் சோடியம் லாரில் சல்பேட், அல்லது அதைவிட மென்மையான சோடியம் லாரெத் சல்பேட் இருக்கும். இவற்றின் தலை சல்பேட் தொகுதி. அது கடின நீரில் அவ்வளவு எளிதாகப் படிவதில்லை. இத்தகைய செயற்கைப் பொருளால் ஆன ஷாம்பூ, 1934-இல் அமெரிக்காவில் 'ட்ரீன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

வால் எங்கிருந்து கிடைக்கிறது? லாரில் தொகுதியில் 12 கார்பன் அணுக்கள் உள்ளன. தேங்காய் எண்ணெயிலுள்ள லாரிக் அமிலத்திலும் 12 கார்பன் அணுக்களே. எனவே தலையில் தடவும் எண்ணெயும் அதை நீக்கும் ஷாம்பூவும் ஒரே தேங்காயிலிருந்து வந்திருக்கலாம்!

இன்னொரு வேறுபாடும் உண்டு. சோப்புக் கரைசலின் பி.எச். எண் 9 முதல் 10 வரை இருக்கும். இக்காரத்தன்மையில் முடி உப்பிச் செதில்கள் தூக்கிக்கொள்கின்றன. ஷாம்பூவில் சிட்ரிக் அமிலம் போன்றவற்றைச் சேர்த்து இந்த எண்ணைக் குறைக்கிறார்கள்.

நம் சீயக்காய், பூந்திக்கொட்டை, அரப்பு ஆகியவற்றில் சப்போனின் என்னும் பொருள் உண்டு. அதன் சர்க்கரைப் பகுதி நீரையும், மறுபகுதி எண்ணெயையும் நாடும். தத்துவம் ஒன்றே.

செய்து பாருங்கள்

இரண்டு புட்டிகளில் பாதியளவு உப்புத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சீவிய சோப்பையும், மற்றதில் நான்கு சொட்டு ஷாம்பூவையும் இட்டுக் குலுக்குங்கள். முதல் புட்டியில் திரிதிரியாக வெண்படிவு தோன்றும். இரண்டாவதில் நுரை நிறையும். இனி, இரண்டாவதில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குலுக்குங்கள். நுரை குறைகிறதல்லவா? எண்ணெய் நுரையைக் குலைக்கிறது. ஷாம்பூ மூலக்கூறுகள் பலவும் எண்ணெயைச் சூழப் போய்விடுகின்றன. எண்ணெய்த் தலையில் முதல் முறை நுரை வராததும், இரண்டாம் முறை பொங்குவதும் இதனால்தான். நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் ஷாம்பூ ஊற்றுவது வீண்.

விளம்பரமும் உண்மையும்

'முடிக்கு உயிரூட்டும்' என்று விளம்பரம் சொன்னால் நம்பலாமா? உயிரற்ற இழைக்கு உயிரூட்ட இயலாது. கண்டிஷனரிலுள்ள நேர்மின் மூலக்கூறுகள் எதிர்மின்னேற்றம் கொண்ட முடியின்மேல் படிந்து வழவழப்பைத் தரும். பிளந்த நுனியைச் சற்று மறைக்கும், நிலையாக ஒட்டவைக்காது. முடியை வளர்ப்பது தோலுக்கடியில் உள்ள வேர். அதற்கு உணவு இரத்தத்தின் வழியே செல்கிறது. சாப்பாட்டுத் தட்டில் பருப்பும் கீரையும் முட்டையும் குறைந்தால், விலையுயர்ந்த புட்டி அதை ஈடுசெய்யாது.

இனி ஒரு கேள்வி. முதல் புட்டியில் உப்புத் தண்ணீருக்குப் பதிலாக மழைநீரை எடுத்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? காரணத்தை எழுதிவைத்துக்கொண்டு, அடுத்த மழையில் சோதித்துப் பாருங்கள்.