மைத்ரியில் குளிர்காலம்: வெளியே விடுவார்களா?

கேள்வி: ஐயா, என் தம்பி ஜெனரேட்டர் மெக்கானிக். அண்டார்டிகாவில் இருக்கும் நம் மைத்ரி நிலையத்தில் குளிர்காலம் முழுவதும் தங்கும் வேலைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறான். ஒரு நாள்கூட வீட்டில் சும்மா உட்காராதவன். வருஷம் தவறாமல் வெள்ளியங்கிரி ஏறுகிறவன். மாதக்கணக்கில் ஒரே கட்டடத்துக்குள் எப்படி அடைந்து கிடப்பான்? வெளியே போக விடுவார்களா? பென்குயின் எல்லாம் பார்க்கலாமா? அம்மா பயந்துபோய் இருக்கிறார்.
— ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: விடுவார்கள், சகோதரி. குளிர்காலத்தில் வெளியே போகாமலே இருப்பவர்தான் அங்கே முதலில் சோர்ந்துபோவார். ஆனால் தனியாகப் போக முடியாது, சொல்லாமலும் போக முடியாது. மலை ஏறிப் பழகிய கால்கள் அங்கே ஓரளவுக்குத்தான் உதவும். அதைவிட, இந்த இரண்டு கட்டுப்பாடுகளையும் முகம் சுளிக்காமல் ஏற்கும் மனசு வேண்டும். அங்கே ஒரு குளிர்காலம் இருந்துவிட்டு வந்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

நடப்பதில் பிரியமுள்ளவருக்கு மைத்ரி நல்ல இடம். அண்டார்டிகா என்றதும் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைச் சமவெளி என்று நினைக்கிறோம். 1989 முதல் இயங்கும் மைத்ரி இருப்பதோ ஷிர்மாக்கர் என்னும், பனி மூடாத பாறைக் குன்றுகளின் நடுவே. சுமார் 35 சதுர கிலோமீட்டர் பரப்பு, அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள். நிலையத்தை ஒட்டியிருக்கும் பிரியதர்ஷினி ஏரிதான் குடிநீர் தருகிறது. குளிர் இறுகியதும் ஏரிகளின் மேல்பரப்பு கெட்டியான கண்ணாடித் தரையாகிவிடும். காலுக்குக் கீழே நீலப் பனி, அதற்குள் அடுக்கடுக்காகச் சிறைப்பட்ட வெண்குமிழிகள். குளிரில் பனி சுருங்கி விரிசல் விடும்போது ஏரி முழுவதும் ஓர் உறுமல் ஓடும். முதல் முறை கேட்பவர் நின்றுவிடுவார். தெற்கே போனால், ஏறக்குறைய கண்டம் முழுவதையும் மூடியிருக்கும் பனிப்படலத்தின் விளிம்பு குன்றுகளின் மேல் வந்து முட்டி நிற்பதைப் பார்க்கலாம். அங்குள்ள தட்சிண கங்கோத்ரி பனியாற்றின் முனை எவ்வளவு பின்வாங்குகிறது என்று நம் புவியியலாளர்கள் பல ஆண்டுகளாக அளந்து வருகிறார்கள். இப்படி வேலையாகப் போகும் குழுவோடு கைகொடுக்கப் போவதும் உங்கள் தம்பிக்கு ஒரு வாய்ப்பு.

இருட்டைப் பற்றி அம்மாவுக்குக் கவலை இருக்கும். மே கடைசியிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் எழாது. அதற்காக அறுபது நாளும் கும்மிருட்டு என்று எண்ண வேண்டாம். நடுப்பகல் நேரத்தில் சூரியன் அடிவானத்துக்குச் சற்றுக் கீழே வரை வந்து போகும். ஜூன் 21 அன்றுகூட வானம் தெளிவாக இருந்தால், வடக்கே செம்மஞ்சள் படர்ந்து, டார்ச் இல்லாமல் நடக்கிற அளவுக்கு வெளிச்சம் கிடைக்கும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலா மறையாமல் வானத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். பச்சைத் திரை போல் அரோரா என்னும் துருவ ஒளி அசையும் இரவுகளும் உண்டு. அதைப் படம் எடுக்க முனைவோருக்கு ஒரு வார்த்தை: கேமரா பேட்டரியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். வெறுங்கையால் உலோகத்தைத் தொடவே கூடாது, தோல் ஒட்டிக்கொள்ளும்.

குளிரைவிட நான் அஞ்சுவது காற்றையும் வியர்வையையும். வேகமாக நடந்து வியர்த்துவிட்டு ஓரிடத்தில் நின்றால், ஈரம் உறைந்து உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். எனவே மெதுவாக நடக்க வேண்டும், வியர்க்கும் முன்பே ஓர் அடுக்கு உடையைக் கழற்ற வேண்டும், உள்ளே பருத்தி உடுத்தக் கூடாது. காற்று வேறு கதை. பனிப்படலத்தின் உயரத்திலிருந்து கனமான குளிர்காற்று சரிந்து இறங்கி வரும். பிளிசர்ட் என்னும் பனிப்புயல் அடிக்கத் தொடங்கினால் நீட்டிய கை தெரியாது. அப்போது பக்கத்துக் கட்டடத்துக்குப் போவதற்கே கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். துணையாக வருபவரின் முகத்தை அடிக்கடி பார்ப்பது ஒவ்வொருவரின் கடமை. மூக்கிலோ கன்னத்திலோ வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது உறைகடியின் தொடக்கம். அவருக்கு உணர்ச்சி இருக்காது, நாம்தான் சொல்ல வேண்டும். தேய்க்காமல், சூடான உள்ளங்கையால் பொத்திப் பிடிக்க வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு? மார்ச் வாக்கில் கப்பல் கிளம்பிப் போனால் அக்டோபர், நவம்பர் வரை வேறு யாரும் வரப்போவதில்லை. மைத்ரிக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, அதே ஷிர்மாக்கரில் ரஷ்யர்களின் நோவோலசரெவ்ஸ்கயா நிலையம் இருக்கிறது. 1961 ஏப்ரல் 30 இரவு, அங்கே இருந்த ஒரே மருத்துவர் லியோனிட் ரோகோசவுக்குக் குடல்வால் அழற்சி முற்றிவிட்டது. வயது 27. வெளியே பனிப்புயல், விமானம் வர வழியில்லை. மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு தன் வயிற்றைத் தானே கிழித்துக் குடல்வாலை அகற்றினார். கருவிகளை எடுத்துக் கொடுத்தவர் வானிலை ஆய்வாளர். கண்ணாடி பிடித்து நின்றவர் ஒரு மெக்கானிக். ரோகோசவ் பிழைத்து, இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். இன்று மைத்ரியில் மருத்துவர் உண்டு, மருந்தறை உண்டு. ஆனாலும் ஒருவர் கால் முறிந்து விழுந்தால், அவரைத் தூக்கி வந்து பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் கூட இருக்கும் இருபத்துச் சொச்சம் பேர்தான். உங்கள் தம்பி படுத்துவிட்டால் ஜெனரேட்டரை யார் பார்ப்பது? அது நின்றால் வெளிச்சமும் சூடும் தண்ணீரும் நின்றுபோகும்.

பென்குயின் விஷயத்தில் ஏமாற்றம்தான். மைத்ரிக்கும் பனித்தட்டின் கடலோர விளிம்புக்கும் இடையே சுமார் 100 கிலோமீட்டர். குளிர்காலத்தில் முட்டையிடுவது எம்பரர் பென்குயின். அது கடற்பனியில் இருக்கும். குன்றுகளில் கோடையில் தென்படும் ஸ்குவா பறவைகளும் குளிருக்கு முன்பே போய்விடும்.

சோதனை மாதங்கள் ஜூலையும் ஆகஸ்டும். ஜூன் 21 அன்று எல்லா நிலையங்களும் ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பி விருந்து வைக்கும். அந்தக் கொண்டாட்டம் முடிந்த பிறகு தூக்கம் கெடும், சின்னச் சொல்லுக்கும் கோபம் வரும். அந்நேரத்தில் வானிலை அனுமதித்த நாளெல்லாம் அரைமணி நேரமாவது ஏரிக்கரை வரை நடந்து வந்தவர்கள், அறைக்குள் படுத்துக் கிடந்தவர்களைவிடத் தெளிவாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வீட்டோடு பேசச் செயற்கைக்கோள் இணைப்பு உண்டு.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: நம்முடைய இன்னொரு நிலையமான பாரதியில் இஸ்ரோவின் மங்களா மணி, 56 வயதில், 23 பேர் கொண்ட குழுவில் ஒரே பெண்ணாக 403 நாள் இருந்துவிட்டு 2017 கடைசியில் திரும்பினார்.

எனவே தம்பி விண்ணப்பிக்கட்டும். கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் அறிவிப்பு வெளியிடும். தேர்வானால் மருத்துவப் பரிசோதனையும், இமயமலையின் ஆலியில் பனிப் பயிற்சியும் உண்டு. அதற்கெல்லாம் முன்பாக ஒரு பல் மருத்துவரிடம் போய் எல்லாப் பற்களையும் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். அங்கே பல் மருத்துவர் கிடையாது.