மாத்திரை போட்டுவிட்டு லேபுக்குப் போகாதீர்கள்

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை என்று இன்று பலருக்கும் தெரியும். சாவி போன இடத்தில் இப்போது, ரத்தத்தில் வலிப்பு மருந்து எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ‘டிரக் லெவல்’ ரிப்போர்ட் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றியும் சில நம்பிக்கைகள் உண்டு.

நம்பிக்கை: ரிப்போர்ட்டில் அளவு குறைவாக வந்தால் டோஸைக் கூட்ட வேண்டும்.

உண்மை: ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்துக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் என்று ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலோருக்குப் பொருந்துகிற கணக்கு அது. 8 இருக்கும்போதே வலிப்பில்லாமல் வேலைக்குப் போய்வருபவருக்கு அந்த 8 போதும். இன்னொன்றும் உண்டு: ஃபெனிடாயினில் சுமார் 90 சதவீதம் ரத்தத்தில் அல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஒட்டாத மிச்சம்தான் மூளையில் வேலை செய்கிறது. கல்லீரல், சிறுநீரக நோயால் அல்புமின் குறைந்தவருக்கு, ரிப்போர்ட் குறைவாகக் காட்டினாலும் வேலை செய்யும் மருந்து போதிய அளவில் இருக்கலாம்.

சரி, கொஞ்சம் கூட்டித்தான் பார்ப்போமே என்றால், ஃபெனிடாயின் அதற்கு இடம்கொடுக்காத மருந்து. கல்லீரல் அதை ஓரளவுக்குத்தான் சிதைக்கும். அந்த எல்லைக்கு அருகில் இருப்பவர் தினசரி 300 மி.கி.யை 400 ஆக்கினால், ரத்த அளவு மூன்றில் ஒரு பங்கோடு நிற்காமல் இரு மடங்குக்கு மேலும் ஏறிவிடலாம். 20ஐத் தாண்டினால் கண்விழி தானாக ஆடத் தொடங்கும். 30க்கு மேல் நடை தள்ளாடும். குடித்திருக்கிறார் என்று தெருவே முடிவுகட்டிவிடும். 40ஐத் தாண்டினால் மனக்குழப்பம்.

நம்பிக்கை: அளவு கூடியிருந்தால் அவர் மாத்திரையை அதிகமாக விழுங்கியிருக்கிறார்.

உண்மை: வீட்டில் சண்டை மூளுவது இதில்தான். 1968இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் வழக்கமான டோஸையே சாப்பிட்டுவந்த பலருக்கு ஃபெனிடாயின் நச்சு அறிகுறிகள் தோன்றின. காப்ஸ்யூலை நிரப்பச் சேர்த்த கால்சியம் சல்பேட்டுக்குப் பதில் லாக்டோஸ் சேர்த்ததுதான் காரணம். மருந்து உடலில் கூடுதலாக ஏறிவிட்டது. காசநோய்க்குத் தரும் ஐசோநயசிட் மாத்திரையும் ஃபெனிடாயின் அளவை உயர்த்தும். ஆகவே, கடையில் வேறு கம்பெனி அட்டையைக் கொடுத்தாலோ, புது மருந்து ஏதும் சேர்ந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள்.

நம்பிக்கை: வெறும் வயிற்றில் போனால் போதும், மாத்திரை எப்போது போட்டாலும் சரி.

உண்மை: நேர்மாறு. சாப்பிட்டுவிட்டுப் போகலாம், காலை மாத்திரையைக் கையில் எடுத்துச் சென்று, ரத்தம் கொடுத்தபின் போட்டுக்கொள்ளுங்கள். டோஸ் மாற்றிய மறுநாளே பார்ப்பதும் வீண். ஃபீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்து ரத்தத்தில் நிலையான அளவுக்கு வரவே இரண்டு மூன்று வாரம் ஆகும். தள்ளாட்டம், அதீதத் தூக்கம் என்றால் மட்டும் நேரம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம்பிக்கை: வலிப்பு மாத்திரை எதுவானாலும் அடிக்கடி லெவல் பார்த்தாக வேண்டும்.

உண்மை: லெவடிரசிட்டம் சாப்பிடுபவர்களில் பெரும்பாலோருக்கு இது தேவையில்லாத செலவு. வால்ப்ரோயேட்டுக்கு டாக்டர்கள் பார்க்கச் சொல்லும் கல்லீரல், தட்டணு பரிசோதனைகள் வேறு, இது வேறு. ஆனால், லாமோட்ரிஜின் சாப்பிடும் பெண் கருவுற்றால் ரத்த அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். அங்கே இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. கர்ப்பம் தெரிந்ததும் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.