இன்றைய அன்னம் அய்யா தருவார்



"நாளைக்கு என்ன செய்வோம்?" என்ற கவலை இல்லாத வீடு நம்மில் குறைவு. பிள்ளைகளின் படிப்பு, மகளின் கல்யாணம், வட்டிக்கடன் என்று ஏதாவது ஒன்று ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது. இதற்கு அய்யாவழியில் என்ன மருந்து இருக்கிறது என்று சிந்திப்போம்.

வாகைப்பதியில் 700 குடும்பங்கள் துவையல் தவசு இருந்ததை நாம் அறிவோம். நாளும் மூன்று வேளை கடலில் குளித்துத் துணி துவைத்தார்கள். ஒரு வேளை மட்டும் பச்சரிசியும் சிறுபயறும் சமைத்து உண்டார்கள். அவர்கள் வரியாலும் ஊழியத்தாலும் நொந்துபோன ஏழைகள். நாளைக்கென்று எடுத்து வைக்க அவர்களிடம் நெல் இல்லை. அய்யா இருக்கிறார் என்ற நம்பிக்கை மட்டும் இருந்தது.

நம்பிக்கை என்றால் சும்மா இருப்பது அல்ல. என் அப்பா பனையேறி. தினமும் ஏறிப் பாளை சீவினால்தான் அக்கானி கிடைக்கும். சீவுவது நம் வேலை, சுரக்க வைப்பது அய்யாவின் வேலை. உழைக்காமல் "அய்யா தருவார்" என்பதும் தவறு. உழைத்த பின்னும் நடுங்கிக்கொண்டிருப்பதும் தவறு.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். சில வருஷங்களுக்கு முன், எங்கள் நிழல்தாங்கலில் திருஏடு வாசிப்பு நடந்தபோது அன்னதர்மம் என் பொறுப்பு. அன்று கூட்டம் அதிகம். தொண்டு செய்கிற எங்களுக்கு மிஞ்சாதோ என்று பயந்து, ஒரு வாளிக் கஞ்சியை உள்ளே மூடி வைத்தேன். கடைசியில் ஒரு அம்மா இரண்டு பிள்ளைகளோடு வந்தார். "தீர்ந்துபோச்சும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு வேலை மும்முரத்தில் அந்த வாளியையே மறந்துபோனேன். காலையில் திறந்தால் ஊசிப் போயிருந்தது. தென்னை மூட்டில் கொட்டினேன்.

அன்று பள்ளியறைக் கண்ணாடி முன் நின்றபோது என் முகத்தை என்னாலேயே பார்க்க முடியவில்லை. நாங்களும் தின்னவில்லை, அந்தப் பிள்ளைகளும் தின்னவில்லை. என் பயம்தான் அவர்கள் பங்கைக் கெடுத்தது.

அதற்குப் பிறகு நான் எடுத்து வைப்பதில்லை. கடைசி ஆள் உண்ட பிறகே உட்காருவேன். சில நாள் அடிப்பானைக் கஞ்சிதான் கிடைக்கும். அதுவே நிறைவாக இருக்கிறது.

பிள்ளைகளுக்காகச் சேமிப்பதை அய்யா குற்றமாக நினைக்க மாட்டார். பசித்தவன் வாசலில் நிற்கும்போது இருப்பதை மறைப்பதுதான் குற்றம். அய்யா நம்மிடம் காணிக்கை கேட்கவில்லை, தர்மம் செய்யத்தான் சொன்னார்.

ஆகவே மக்களே, காலையில் திருநாமம் இடும்போது இன்றைக்கு வேண்டியதை மட்டும் அய்யாவிடம் கேளுங்கள். கிடைத்ததில் ஒரு கைப்பிடியைப் பிறருக்கென ஒதுக்குங்கள். படுக்கும் முன், இன்று உண்டதை நினைத்து நன்றி சொல்லுங்கள். அடுத்த வீட்டுக்காரர் கட்டும் மாடியை எண்ணிக்கொண்டு படுக்காதீர்கள். இன்று அன்னம் தந்த அய்யா நாளைக்கும் இருப்பார்.

அய்யா உண்டு.