திருக்கை மீனும் அதன் நச்சு முள்ளும்

விடுமுறை நாளொன்றில் நாங்கள் சில மாணவியர் கடற்கரைக்குச் சென்றிருந்தோம். கரைவலையை இழுத்து முடித்த மீனவர்கள் மீன்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தனர். குவியலுக்குச் சற்றுத் தள்ளி, முறம் போல் தட்டையான மீன் ஒன்று அசைவற்றுக் கிடந்தது. அதன் நீண்ட வாலை எங்களுள் ஒருத்தி காலால் நகர்த்தப் போனாள். "தொடாதம்மா! திருக்கை செத்தாலும் முள்ளு சாகாது!" என்று கூவித் தடுத்தார் ஒரு பெரியவர். அவர் சொன்னது முற்றிலும் உண்மை என்பதைப் பின்னர் படித்து அறிந்தோம். அறிந்ததைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

உடலமைப்பு

திருக்கை, சுறாவின் இனத்தைச் சேர்ந்தது. அதன் உடலில் எலும்பே இல்லை, இருப்பது குருத்தெலும்புதான். கண்கள் மேற்புறத்திலும் வாய் அடிப்புறத்திலும் உள்ளன. ஆழமற்ற நீரில் மணலைத் தன்மேல் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். அப்போது கண்களும், அவற்றை அடுத்துள்ள மூச்சுத் துளைகளும் மட்டுமே வெளியே தெரியும்.

முள்ளும் நஞ்சும்

கொட்டும் வகைத் திருக்கைகளின் வாலில் ஒன்றோ அதற்கு மேற்பட்டோ முட்கள் உண்டு. முள்ளின் இரு ஓரங்களிலும் வாளின் பற்களைப் போன்ற பற்கள் பின்னோக்கி அமைந்துள்ளன. எனவே குத்தும்போதைவிட வெளிவரும்போதே அது சதையை மிகுதியாகக் கிழிக்கிறது. முள்ளின் அடிப்புறப் பள்ளங்களில் நஞ்சுள்ள திசு இருக்கிறது. மெல்லிய தோல் அதை உறைபோல் மூடியுள்ளது. முள் தைத்ததும் உறை கிழிந்து நஞ்சு காயத்தில் கலக்கிறது. மீன் இறந்த பின்னும் நஞ்சு அந்தத் திசுவிலேயே தங்கியிருக்கும். பெரியவரின் எச்சரிக்கைக்குக் காரணம் இதுவே.

வரலாறு கூறும் நிகழ்ச்சிகள்

1608-ஆம் ஆண்டு அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் கேப்டன் ஜான் ஸ்மித் என்பவர் தம் வாளால் மீன் குத்திக்கொண்டிருந்தார். வாளில் சிக்கிய திருக்கையை எடுக்கும்போது அதன் முள் அவர் கையில் தைத்தது. கையும் தோளும் வீங்கவே, இனிப் பிழைக்க மாட்டோம் என்று எண்ணித் தமக்குக் குழி வெட்டச் சொன்னார். ஆனால் மாலைக்குள் வலி தணிந்தது. இரவு அந்தத் திருக்கையையே உணவாக உண்டார்! அவ்விடம் இன்றும் திருக்கையின் பெயராலேயே வழங்குகிறது.

எல்லோருக்கும் அத்தகைய நற்பேறு கிட்டுவதில்லை. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற விலங்கு ஆர்வலர் ஸ்டீவ் இர்வின், 2006 செப்டம்பர் 4 அன்று திருக்கை முள் மார்பில் பாய்ந்து உயிரிழந்தார். இத்தகைய மரணம் மிக அரிது. பெரும்பாலோருக்குக் காலிலோ கையிலோதான் காயம் ஏற்படுகிறது.

தற்காப்பு

திருக்கை நம்மைத் தேடி வந்து தாக்குவதில்லை. மிதிபட்டாலோ வழி மறிக்கப்பட்டாலோதான் வாலை வீசுகிறது. ஆகவே ஆழமற்ற கடல்நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல், மணலில் தேய்த்தபடி நகர வேண்டும். அந்த அதிர்வை உணர்ந்து திருக்கை விலகிப் போய்விடும். கரையில் கிடக்கும் திருக்கையையோ வலையில் சிக்கியதையோ தொடலாகாது.

முதலுதவி

1. குத்துப்பட்டவரை உடனே கரைக்குக் கொண்டுவந்து, இரத்தப் போக்கைத் துணியால் அழுத்தி நிறுத்த வேண்டும்.

2. கையிலோ காலிலோ காயமென்றால், தாங்கக்கூடிய வெந்நீரில் (சுமார் 45 டிகிரி சென்டிகிரேடு) 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வைக்க வேண்டும். வெப்பம் நஞ்சின் வீரியத்தைக் குறைத்து வலியைத் தணிக்கும். வலியால் துடிப்பவருக்குச் சூடு சரிவரத் தெரியாது. ஆதலால் மற்றொருவர் கையை விட்டுப் பார்ப்பது அவசியம்.

3. மார்பு, வயிறு, கழுத்து ஆகிய இடங்களில் முள் தைத்திருந்தால் அதைப் பிடுங்கவே கூடாது. அப்படியே உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

4. காயத்தைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தவறு.

5. வலி தணிந்தாலும் மருத்துவரைக் காண வேண்டும். முள்ளின் துண்டு உள்ளே தங்கிப் புண் சீழ் பிடிக்கலாம். வில்வாத நோய்க்கான தடுப்பூசியும் தேவைப்படலாம்.

தோழியரே! நம்முள் பலருடைய வீடுகளில் திருக்கைக் குழம்பு விருப்பமான உணவு. அந்த மீனைப் பிடித்து வருவோருக்கோ அதன் முள் அன்றாட ஆபத்து. ஒரு பாத்திரம் வெந்நீர் அவர்களின் துன்பத்தைத் தணிக்கும் என்பதை இன்றே நம் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் எடுத்துரைப்போம். கற்ற கல்வியின் பயன் அதுவன்றோ!