கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்

என் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒருநாள் இரண்டாவது கியரோடு நின்றுவிட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் இரையும், கியர் ஏறாது. பார்த்த மெக்கானிக், கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தால்தான் தெரியும் என்றார். இறக்குவதற்கு முன் ஒரு ஸ்கேனரைச் செருகிப் பார்த்தேன். வந்த குறியீடு பி0753, அதாவது ஷிஃப்ட் சாலினாய்டு 'ஏ'யின் மின்சுற்றில் கோளாறு. பி0731, பி0732 போல கியர் விகிதம் தவறுவதைச் சொல்லும் குறியீடு வந்திருந்தால், உள்ளே கிளட்ச் வழுக்குகிறதோ என்று சந்தேகப்பட இடமுண்டு. மின்சுற்று என்றால் மல்டிமீட்டர்தான் முதல் வைத்தியர்.

சாலினாய்டு என்பது செம்புக் கம்பிச் சுருளும் அதற்குள் நகரும் ஓர் இரும்புத் தண்டும்தான். கம்ப்யூட்டர் மின்சாரம் அனுப்பினால் தண்டு நகர்ந்து எண்ணெய் வழியைத் திறக்கும் அல்லது மூடும். அந்த எண்ணெய் அழுத்தம்தான் கியரை மாற்றுகிறது. சுருள் அறுந்தாலும் தண்டு கசடில் சிக்கினாலும் ஓட்டுபவருக்குத் தெரிவது ஒன்றே: கியர் மாறாது.

குறியீடு சுற்றைத்தான் காட்டும், கெட்ட பாகத்தை அல்ல. எனவே புது சாலினாய்டு வாங்க ஓடாதீர்கள். முதலில் கனெக்டரைக் கழற்றி, பின்னில் பச்சை பூத்திருக்கிறதா, வயர் எங்காவது உரசித் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஓம் அளவு. என் காருக்கு சர்வீஸ் மேனுவல் சொல்வது 12 முதல் 25 ஓம். உங்கள் காருக்கு அதன் மேனுவலைப் பாருங்கள். காலையில் எஞ்சின் ஆறியிருந்தபோது எனக்கு ஒழுங்கான அளவு கிடைத்தது. அதோடு விட்டுவிடக் கூடாது. சுருளில் உள்ள மயிரிழை விரிசல், சூட்டில் கம்பி விரியும்போதுதான் பிரியும். வண்டியை ஓட்டிச் சூடேற்றி மீண்டும் அளந்தபோது மீட்டர் எல்லையில்லாத் தடையைக் காட்டியது. குற்றவாளி அங்கே பிடிபட்டது.

12 வோல்ட் கொடுத்து 'டிக்' சத்தம் கேட்கும் சோதனையும் உண்டு. ஆனால் அது திற-மூடு வகைக்கு மட்டும். நொடிப்பொழுது கொடுத்தால் போதும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் லீனியர் சாலினாய்டின் தடை மிகக் குறைவு. அதற்கு நேரடியாக பேட்டரி கொடுத்தால் நல்ல சுருளும் எரிந்துபோகலாம்.

என் காரில் சாலினாய்டு கியர்பாக்ஸின் வெளிப்புறத்திலேயே இருப்பதால்தான் வீட்டில் கைவைக்கத் துணிந்தேன். ஆயில் பேனுக்குள், வால்வு பாடியின் மேல் இருக்கும் வண்டிகளில் வேலை இன்னும் கூடும். வால்வு பாடியையே பிரிக்க வேண்டிவந்தால் அனுபவசாலியிடம் விடுங்கள். உள்ளிருக்கும் சின்னக் குண்டுகள் இடம்மாறினால் தேடித் தீராது.

சாலினாய்டைக் கழற்றத் தொடங்கும் முன் எண்ணெய் நன்றாக ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். காருக்கு அடியில் போக வேண்டுமென்றால் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட உள்ளே நீட்டாதீர்கள். கழற்றும் முன் சுற்றிலும் உள்ள மண்ணையும் பிசுக்கையும் சுத்தமாகத் துடைப்பது முக்கியம். திறந்த துவாரத்தில் விழும் ஒரு மணல்துகள் அடுத்த வால்வைச் சிக்கவைக்கப் போதும். கேஸ்கட்டோடு சிறு வலை இருந்தால் அதையும் புதிதாகப் போடுங்கள். ஓ-ரிங்கில் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் அதே எண்ணெயைத் தடவுங்கள். சிலிக்கோன் பசை பக்கமே வர வேண்டாம், பிதுங்கிய துணுக்கு எண்ணெய் வழியை அடைக்கும். கியர்பாக்ஸ் உடல் அலுமினியம் என்பதால் போல்ட்டைக் கைபலத்தால் முறுக்கக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது 12 நியூட்டன் மீட்டர்தான், டார்க் ரெஞ்ச் வைத்தே முடுக்கினேன்.

வடியும் எண்ணெயையும் பாருங்கள். கருகிய வாடையும் உலோகச் சில்லுகளும் இருந்தால் சாலினாய்டு மாற்றியும் பயனில்லை, உள்ளே தேய்மானம் தொடங்கிவிட்டது. உலோகத் தூளைப் பிடிக்க கியர்பாக்ஸில் இருக்கும் காந்தத்தில் ஒட்டிய மை போன்ற சாம்பல்நிறப் பூச்சு மட்டும் என்றால் பயம் வேண்டாம்.

முடிந்ததும் குறியீட்டை அழித்து, மேனுவல் சொல்லும் ரக எண்ணெயை மட்டும் ஊற்றி, அது சொல்லும் முறையிலேயே அளவு பாருங்கள். சில வண்டிகளில் எஞ்சினை நிறுத்தியவுடன் பார்க்க வேண்டும், சிலவற்றில் ஓடும்போதே. பிறகு எல்லாக் கியரும் ஏறி இறங்கும்படி மெதுவாக ஓட்டி, வண்டி நன்றாகச் சூடான பின் ஸ்கேனரை இன்னொரு முறை செருகுங்கள்.